ஜன்னல் வழியாகப் போட்ட பை

பிப்ரவரி 24, ஹோ சி மின் நகரம்

முதல் நாளே ஒன்றை எழுதி வைத்துவிடுகிறேன். இந்தப் பயணம் நான் ஆசைப்பட்டு வந்தது. விருப்ப ஓய்வு வாங்கிய மறு மாதமே முதுகில் மாட்டும் பை இரண்டு வாங்கிவிட்டேன். காலமெல்லாம் கோவில்பட்டியில் கணக்குப் பாடம் நடத்திய ஒருத்தி நாலு தேசம் பார்க்க ஆசைப்படக் கூடாதா? இதற்கும் விதைக்கடை வேலாயுதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கூட வந்திருப்பது செண்பகவல்லி, என் தம்பி பெண்டாட்டி. தம்பி நெல்லையப்பன் மாரடைப்பில் போய் நாலு வருடம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. ஆக, எங்கள் வீட்டில் அவளும் நானும்தான். காலையில் அவள் கிளை நூலகத்துக்கு வேலைக்குப் போவாள், நான் பள்ளிக்கூடம் போவேன், ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தை மாதம் ஒரு நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நூலகத்துக்கு எதிரே விதைக்கடை வைத்திருக்கும் வேலாயுதம், பெண்டாட்டியை இழந்தவர், இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறாராம். நான் கத்தவில்லை. படித்தவள். "நல்லா யோசி, அவசரப்படாத" என்று மட்டும் சொன்னேன். அந்த வாரமே விமான டிக்கெட் போட்டேன். யோசிப்பதற்கு வெளியூர்தான் நல்லது, மனசு தெளியும்.

"ஊருக்குத் திரும்பினதும் இதப் பேசி முடிச்சிருவோம் மதினி" என்றாள். இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்.

இனிப் பயண ஏற்பாடு. இங்கிருந்து வடக்கே ஹனோய் வரை போய், அங்கிருந்து விமானத்தில் ஊர். விமானத்தில் ஹனோய்க்கு இரண்டு மணி நேரமாம். நான் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். ஊர் ஊராக இறங்கிப் போனால்தான் ஒரு தேசம் தெரியும். மெதுவாகப் போவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? சிம் கார்டு ஒன்று போதும், என் போனில் போட்டாயிற்று. செண்பகத்துக்கு நெட் வேண்டுமானால் என் போனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், நான் பக்கத்தில்தானே இருக்கிறேன்.

பிப்ரவரி 27, தா லாத்

பகல் முழுக்கப் பஸ், கடைசிப் பகுதி மலைப்பாதை. செண்பகத்துக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று எலுமிச்சம்பழமும் புளிப்பு மிட்டாயும் பிளாஸ்டிக் பைகளும் முன்யோசனையாக எடுத்து வைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அவள் பைன் மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் காலையில் தின்ற ரொட்டி சரியில்லை. பஸ்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ரொட்டிதான் காரணம். பைகள் அத்தனையும் தீர்ந்து, முன் சீட்டுக்காரியிடம் செண்பகம் சைகை காட்டி இன்னும் இரண்டு வாங்கினாள்.

"மதினி, கண்ண மூடாதிய. தூரத்துல ஒரே எடத்தப் பாத்துக்கிட்டே வாங்க."

"நீ எனக்குச் சொல்லுதியா?"

"யாராச்சும் சொல்லணும்லா" என்று முதுகைத் தடவிவிட்டாள்.

எலுமிச்சம்பழம் உபயோகமாக இருந்தது.

மார்ச் 2, நா ட்ராங்

கடல். தங்கும் விடுதியின் வைஃபையை நான் சொல்லாமலே செண்பகம் கண்டுபிடித்துப் போனில் போட்டுக்கொண்டாள். பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம்.

மார்ச் 4, ஹோய் ஆன்

படுக்கை பஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோயிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடு நுழையவேண்டும். உள்ளே மூன்று வரிசை, மேலும் கீழுமாகப் படுக்கைகள். நமக்குக் கிடைத்தது மேல்படுக்கை. இரும்பு ஏணியில் என் மூட்டு இரண்டும் போட்ட சத்தம் பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். படுக்கையும் முழுசாகப் படுக்காது. முன்னால் இருப்பவனின் தலைக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் நம் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். என் நீளத்துக்கு அந்தப் பெட்டி போதவில்லை. டிரைவரோ ஹாரனில் வைத்த கையை விடியும்வரை எடுக்கவில்லை.

வழியில் நிறுத்தும்போது வாசலில் ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் செருப்பு வைக்கிறார்கள். எல்லோரும் கிடைத்த ஜோடியை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். நான் அளவு பார்த்து நிற்பதற்குள் கூடை காலி. செண்பகம் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஆளுக்கு ஒற்றைக் கால் செருப்போடு நொண்டி நொண்டிக் கழிப்பறைக்குப் போய் வந்தோம். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

"அவுக வந்திருந்தா இந்தப் பஸ்ஸுல காலத் தொங்கப் போட்டுத்தான் படுக்கணும்" என்றாள், நெல்லையப்பனை நினைத்து. அவனைப் பற்றி அவளாகவே பேசினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. யோசிக்கிறாள் என்று தெரிகிறது.

மார்ச் 9, ஹுவே

பயணத்தில் சின்ன மாற்றம். இங்கிருந்து ஒரே பஸ்ஸில் ஹனோய் போய்விடலாம், போனால் இந்த வாரம் ஊரில் இருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு லாவோஸைப் பார்க்காமல் போவதா? எல்லையைத் தாண்டி சவன்னக்கெத், பாக்ஸே, அப்புறம் தலைநகரம் வியன்டியான், அங்கிருந்து ஒரு பகலும் இரவும் ஓடும் பஸ்ஸில் ஹனோய் என்று ஒரு ஆஸ்திரேலியாக்காரி நெட்டில் எழுதியிருக்கிறாள். அவள் அதை யாரும் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கையாகத்தான் எழுதியிருக்கிறாள். அவள் கோவில்பட்டி பஸ்ஸில் போய்ப் பழகாதவள். விமான டிக்கெட்டின் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.

செண்பகத்திடம் சொன்னேன். துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்த துண்டை மறுபடியும் உதறினாள்.

"இன்னும் எம்புட்டு நாள் மதினி?"

"பத்து நாள். கூடவும் ஆகலாம். லீவு சொல்ல முடியாதா?"

என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிக்கிடலாம். ஒங்களுக்கு ஆசைன்னா போவோம்."

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பேசினாள். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. "இல்ல, இன்னுங் கொஞ்ச நாளாகும். ஒங்களுக்குப் பரவால்லயா? ... ஆமா, நல்லாத்தான் இருக்காவ" என்றாள். கடைசியில் என்னவோ கேட்டுச் சிரித்தாள்.

மார்ச் 12, சவன்னக்கெத், லாவோஸ்

எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைச் சுமந்துகொண்டு நடந்தே தேசம் மாறினோம். விசா முத்திரை குத்தி, என் போனுக்கு ஒரு லாவோஸ் சிம்மும் வாங்கி வெளியே வருவதற்குள் நம் பஸ்ஸில் வெங்காய மூட்டைகளை நடைபாதை முழுக்க அடுக்கிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் மூட்டை மேலேதான் நடந்தோம், மூட்டை மேலேதான் காலை வைத்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து லாவோஸ் அம்மாளுக்குச் செண்பகம் கடலை மிட்டாய் கொடுத்தாள். அவள் பதிலுக்கு மூங்கில் கூடையைத் திறந்து, பிசுபிசுவென்றிருக்கும் சோற்றைக் கையால் உருட்டிக் கொடுத்தாள். பாஷை ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு நாலு பாஷை தெரியும், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, சவன்னக்கெத்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

தெற்கே பாக்ஸே போவதாகத் திட்டம். பஸ் நிலையத்துக்கு வந்தால் திருவிழாக் கூட்டம். மூட்டை, கோழி, மோட்டார் சைக்கிள் எல்லாம் பஸ்ஸின் கூரைக்கு ஏறுகின்றன. உள்ளூர்ப் பஸ்களில் சீட்டு நம்பர் கிடையாது, முந்தியவருக்கு இடம். ஜன்னல்கள் வேறு திறந்து கிடந்தன. இதைப் பார்த்துக்கொண்டு என் கை சும்மா இருக்குமா?

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக்கு முந்தின நாள் திருநெல்வேலி பஸ்ஸில் இடம் பிடித்தவள் நான். பஸ் திரும்பி நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் அது நம் இடம். அப்புறம் நிதானமாக டீ குடித்துவிட்டுக்கூட வரலாம். துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காரும் துணிச்சல் எந்த மகராசனுக்கும் வராது.

ஒரு பஸ் வந்தது. செண்பகத்தின் தோள்பையைப் பிடுங்கி ஜன்னல் வழியாகப் போட்டேன். சரியாக இரண்டு பேர் சீட்டில் விழுந்தது.

"எங்க போற பஸ்ஸுன்னு கேட்டுட்டு ஏறுவோம் மதினி" என்றாள்.

"கேட்டுக்கிட்டு நின்னா எடம் போயிரும். நீ ஏறி உக்காரு. எவனாவது வந்தா ஆள் வருதுன்னு சொல்லு. நான் பாத்ரூம் போயிட்டு வந்துருதேன்."

முதுகுப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். நான் போய்விட்டுத் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்தபோது அந்த இடத்தில் பஸ் இல்லை.

நம் ஊர் என்றால் "ஆள் வருது, ஆள் வருது" என்று பஸ்ஸே கத்தும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டாவது நிற்பார். இவளும் கத்தியிருப்பாள், தமிழில். யாருக்குப் புரியும்?

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் ஓடினேன். காலியான இடத்தைக் காட்டினேன். "வியன்டியான்" என்றாள். அது வடக்கே போகிற பஸ். பாக்ஸே போகும் பஸ் அடுத்த வரிசையில் பாதி காலியாக நின்றது, ஜன்னலும் கையும் தேவையே இல்லாமல். எழுத்தைப் படிக்க முடியாத ஊரில், கேட்காமல் பையைப் போட்டேன்.

என் முதுகில் ஒரு பை, நெஞ்சில் அவள் பை. இடுப்புப் பையில் இரண்டு பேர் பாஸ்போர்ட்டும். அவளிடம் அந்தத் தோள்பையும் அதற்குள் கொஞ்சம் லாவோஸ் பணமும் ஒரு போனும். அந்தப் போனுக்குச் சிம்மும் இல்லை, உயிரும் இல்லை. அறையில் இருந்த ஒரே பிளக்கில் ராத்திரி முழுக்க என் போன்தான் இருந்தது.

டிக்கெட்காரப் பெண் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு என்னை உட்கார வைத்தாள். பயந்தேன். எழுதினால் என்ன, பயந்துதான் போனேன். அவளைத் தொலைத்துவிட்டேன் என்று நெல்லையப்பனிடம் சொல்ல முடியாது. யாரிடம்தான் சொல்வது? அப்போது எனக்குத் தோன்றிய ஒரே முகம் செண்பகத்தினுடையதுதான். ஏதாவது ஒன்று என்றால் அவளிடம்தான் சொல்லிப் பழக்கம்.

வெகு நேரம் கழித்துப் போனில் வாட்ஸ்அப் அழைப்பு அடித்தது. "விதைக்கடை" என்று பெயர் வந்தது. மாடித் தோட்டத்துக்கு வெண்டை விதை வாங்கிய காலத்தில் நான் பதிந்து வைத்த நம்பர். நான் தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இவர் எதற்கு என்னைக் கூப்பிடுகிறார்? பெண் கேட்கவா? துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாவது தடவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் எடுத்தேன்.

"மேடம், வேலாயுதம் பேசுதேன். வச்சிராதிய. அவங்க பத்திரமா இருக்காங்க."

முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"பக்கத்து சீட்டு அம்மா போன வாங்கி எனக்குப் பேசினாங்க. அடுத்து வார சந்தை ஊருல எறங்கி, எதிர்ல வார வண்டியப் புடிச்சு அங்கனயே வந்துருவாங்க. நீங்க அசையாம அதே எடத்துல இருக்கணும்னு சொல்லச் சொன்னாங்க."

"எனக்கில்லா பேசியிருக்கணும்?"

"ஒங்க நம்பர் ஞாபகம் வரலியாம் மேடம். பதட்டத்துல."

பதட்டத்தில் என்று எனக்காகச் சேர்த்துக்கொண்டார். அதே பதட்டத்தில்தான் அவருடைய நம்பரை ஒரு எண் பிசகாமல் அழுத்தியிருக்கிறாள். நாலு வருடம் ஒரே சோற்றைத் தின்றவள் நம்பர் மனப்பாடம் இல்லை.

"சரி, வைக்கிறேன்" என்றேன்.

"வைக்காதிய மேடம். அவங்க வார வரைக்கும் ஒங்க கூடப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லியிருக்காங்க. தனியா இருந்தா பயந்துருவியன்னு."

"நானா பயப்படுதேன்?"

"சே, நீங்க பயப்பட மாட்டிய. எனக்குத்தான் பயமா இருக்கு. அதான் பேசுதேன்."

பேசினார். முளைக்காத கொத்தவரை விதைக்காக ஒருவர் மண்ணோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்த கதை. கத்தரியில் எத்தனை வகை, எதற்கு எந்த மாதம். நடுநடுவே கடையில் யாரோ "அண்ணாச்சி, மிளகா விதை" என்று கூப்பிடுவதும் இவர் "பொறவு வாப்பா" என்று விரட்டுவதும் கேட்டது. வெண்டைக்கு விதையை ஊறவைக்க வேண்டுமா என்று நானே ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். போன் காதைச் சுட்டது. மனுஷர் பேச்சை நிறுத்தவில்லை, ஒரு வார்த்தை குறையும் சொல்லவில்லை.

வெயில் சாயும்போது பின்னால் பெஞ்சு போட்ட ஒரு சின்ன வண்டியிலிருந்து செண்பகம் இறங்கினாள். தலை முழுக்கச் செம்புழுதி, தோளில் பை, கையில் குச்சியில் குத்திச் சுட்ட வாழைப்பழம்.

"எங்க போய்த் தொலஞ்ச நீ?" என்று கத்தினேன்.

"நீங்கதான ஏத்தி விட்டிய" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் அவளைக் கட்டிக்கொண்டிருந்தேன். போனில் வேலாயுதம் "வந்துட்டாங்களா, வந்துட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ராத்திரி சாப்பிடும்போது செண்பகம் சொன்னாள். "மூணாவது தடவதான் ஒங்க லைனு கெடச்சுதாம். நெட்வொர்க் சரியில்லன்னு சொன்னாரு."

"ஆமா, நெட்வொர்க்தான்" என்றேன்.

மார்ச் 15, சவன்னக்கெத்

செண்பகத்துக்கும் ஒரு சிம் வாங்கியாயிற்று. பாதுகாப்புக்காக. பாக்ஸே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மார்ச் 16, வியன்டியான்

அதே வியன்டியான் பஸ்ஸில், இந்தத் தடவை கேட்டுவிட்டு, இரண்டு பேரும் ஏறினோம். நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு ஆட்கள், காலுக்கடியில் அரிசி மூட்டை. நிறுத்தம் தோறும் பெண்கள் கோழிக்காலைக் குச்சியில் குத்தி ஜன்னலுக்குள் நீட்டுகிறார்கள். ஒன்று என் கண்ணாடியில் இடித்தது.

ஊர் எல்லை தாண்டியதும் செண்பகம் சொன்னாள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நான் அவருக்குச் சரின்னு சொல்லிட்டேன்."

"எப்ப? நேத்தா?"

"தை மாசமே. ஒங்கட்ட அவரைக்கா நறுக்கும்போது சொன்னம்லா, அன்னைக்கே சொல்லிட்டுதான் வந்தேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எனக்கு அது ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப எதுக்கு என்கூடக் கெளம்பி வந்த? நான் ஒரு கிறுக்கச்சி, ஊர் ஊரா ஒன்ன இழுத்துக்கிட்டு அலையுதேன். நீ யோசிக்கன்னு."

"நான் யோசிக்கதுக்கு வரல மதினி. நீங்க டிக்கெட்டோட வந்து நின்னிய. ஒங்க மொகத்தப் பாத்தேன். எனக்கு மாட்டேன்னு சொல்ல முடியல. போறதுக்கு முன்ன கொஞ்ச நாள் ஒங்ககூட இருப்போம்னுதான் வந்தேன். ஹுவேயில நீங்க நாளத் தள்ளிப் போட்டப்பகூட அவருதான் சொன்னாரு, அவங்களுக்குப் பத்து நாள் கூடக் கெடைக்குதுன்னா கெடைக்கட்டுமேன்னு."

எல்லாம் தெரிந்திருக்கிறது, இரண்டு பேருக்கும். பஸ் எதற்கு, சுற்றுவழி எதற்கு, ஒற்றைச் சிம் எதற்கு என்று. தெரிந்துகொண்டே கூட வந்திருக்கிறாள்.

வீட்டில் என்றால் எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். பஸ்ஸில் கோபித்துக்கொண்டு எங்கே போவது? ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் அவள், காலுக்கடியில் அரிசி. தோளும் தோளும் உரச உரச, பேசாமல் பகல் முழுக்க வந்தோம். மத்தியானத்துக்கு மேல் அவள் தூங்கித் தலை என் தோளில் சாய்ந்தது. தோளை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ் குலுங்கினால் அவள் நெற்றி கம்பியில் இடிக்கும். கை மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன்.

அவள் கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு என்ன? நாற்பத்து நாலு வயதில் ஒருத்திக்குத் துணை கிடைத்தால் நல்லதுதானே. ஊரில் வேறு யாருக்காவது என்றால் நானே முன்னால் நின்று நடத்தி வைப்பேன். ஆனால் இவள் அந்த வீட்டுக்குப் போய்விட்டால், அதற்கப்புறம் நான் இவளுக்கு யார்? செத்துப்போன புருஷனுடைய அக்கா. கல்யாணப் பத்திரிகை வைக்கவேண்டிய வீடுகளில் ஒன்று. என்னை மதினி என்று கூப்பிட உலகத்தில் இருப்பது இவள் ஒருத்திதான்.

மார்ச் 17, வியன்டியான்

மீகாங் நதி அகலமாக இருக்கிறது. சாப்பிட்டோம். துவைத்தோம். பேசவில்லை.

மார்ச் 20, ஹனோய்

ஆஸ்திரேலியாக்காரி எழுதியது பொய்யில்லை. வியன்டியானில் ஏறிய பஸ் விடிவதற்கு முன்பே மலை உச்சியில், எல்லைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. கதவு திறக்கும்வரை எல்லோரும் குளிரில் கிடந்தோம். பிறகு பனிமூட்டத்தில், சேற்றில், பையைச் சுமந்துகொண்டு மறுபடியும் நடந்து தேசம் மாறினோம். என் மூட்டு மடங்க மறுத்தது. செண்பகம் ஒன்றும் சொல்லாமல் என் பையையும் வாங்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டாள். கோபத்தில் இருந்தாலும் கொடுத்துவிட்டேன்.

வியட்நாம் பக்கம் மலை இறங்கியதும் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சூடான நூடுல்ஸ் சூப், பெரிய கிண்ணத்தில். பஸ் ஏறிய பிறகு முதல் சூடான சாப்பாடு. பாதி குடித்ததும் எனக்குக் கொஞ்சம் மனுஷத்தன்மை வந்தது.

"கல்யாணம் எங்க வைக்கிய?" என்று கேட்டேன்.

செண்பகத்தின் கரண்டி நின்றது. "கழுகுமலையில மதினி. வைகாசியில. கோயில்ல வச்சுச் சின்னதா. அவர் வீட்டுல அண்ணன் தம்பி, நம்ம பக்கம் எங்க அம்மா, நூலகத்துல ரெண்டு பேரு."

"நான்?"

அவள் குனிந்து சூப்பைக் கலக்கினாள். பிறகு, "அவர் ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நான் கேக்க மாட்டேன்னுட்டேன்" என்றாள்.

"என்ன?"

"அவர்கூடப் பொறந்தது நாலும் ஆம்பளயளுவ. அக்கா தங்கச்சி கெடையாது. தாலி கட்டும்போது முடிச்சுப் போட ஆள் இல்ல. ஒண்ணுவிட்ட தங்கச்சி ஒருத்தி தென்காசியில இருக்கா. அவ வேண்டாம், ஒங்க மதினியக் கேட்டுப் பாருன்னாரு."

மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும்தான். மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோதான் போடவேண்டும். நெல்லையப்பன் தாலி கட்டியபோது நான்தான் போட்டேன். கல்யாணமாகாதவள் போடலாமா என்று மண்டபத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். எங்க அக்காதான் போடணும் என்று அவன் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இதே செண்பகத்தின் கழுத்து.

"நீ ஏன் கேக்க மாட்டேன்னுட்ட?"

"ஒரு தடவ போட்டுவிட்டிய. அது நெலைக்கல. மறுபடியும் ஒங்களயே எந்த வாயால கேப்பேன்?" அவள் கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்துக்குள் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அது மாப்பிள்ள வீட்டுக்காரி போடுத முடிச்சுல்லா. நான் அவருக்கு யாரு?"

"போட்டா அக்காதான மதினி."

"அப்ப ஒனக்கு?"

"எனக்கு அப்பவும் மதினிதான்" என்றாள்.

பஸ்காரன் ஹாரன் அடித்தான். எல்லோரும் செருப்புகளைக் கூடையில் திருப்பிப் போட்டுவிட்டு ஏறத் தொடங்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து விதைக்கடைக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மேடம்? என்னாச்சு? அவங்க எங்க?"

"இங்கனதான் இருக்கா, சூப்புக்குள்ள அழுதுக்கிட்டு. தம்பி, ஒரு சங்கதி. நாத்தனாருக்குச் சேல எடுக்கணும், தெரியும்லா?"

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"பட்டா இருக்கணும். கடையில போய் நான்தான் பாத்து எடுப்பேன். நீரு வெறும் பையத் தூக்கிக்கிட்டு வந்தாப் போதும்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரிக்கா" என்றார். அப்புறம் இன்னொரு தடவை, "சரிக்கா."

பஸ்ஸில் ஏறியபோது எங்களுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். மேல்படுக்கைக்குச் செண்பகம் என்னைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாள். நாளை மத்தியானம் விமானம். பையிலிருந்த ஊறுகாய்ப் பாட்டில் உடைந்து என் சட்டை இரண்டு வீணாகிவிட்டது, துவைக்கவேண்டும்.

ஜூன் 5, கழுகுமலை

முகூர்த்தம் காலையில். கூட்டமில்லை. வேலாயுதம் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, "அக்கா" என்று சொல்லி விலகி நின்றார். கை நடுங்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நடுங்கியது. கயிறு இரண்டு தடவை நழுவிவிட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நீட்டிக்கொண்டே போனார். செண்பகம் தலையைக் குனிந்து, பின்கழுத்திலிருந்து மாலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மெதுவாப் போடுங்க மதினி, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

இறுக்கிப் போட்டேன்.